மாட்பஸ் டிசிபியா, புரொஃபிநெட்டா: பிஎல்சியில் டிரைவின் தரவு வந்து சேரும் இரு வழிகள்

பம்பு மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களை பிஎல்சியுடன் (இயந்திரங்களை இயக்கும் நிரல்படுத்தத்தக்க கட்டுப்பாட்டுக் கணினி) இணைக்க, மாட்பஸ் டிசிபி, புரொஃபிநெட் என்ற இரு தொடர்பு நெறிமுறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, புரொஃபிநெட்டைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டும் ஈதர்நெட்டில் ஓடுபவை. பம்புக்குத் தேவையான வேகம் இரண்டிலுமே கிடைக்கும். எந்தத் தரவு எந்த இடத்தில் இருக்கிறது என்ற விவரம் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதே எங்கள் முடிவைத் தீர்மானித்தது.

1979-இல் மாடிகான் நிறுவனம் வெளியிட்ட மாட்பஸில் ஒற்றை பிட்களின் வரிசையும், ரெஜிஸ்டர்கள் எனப்படும் 16 பிட் தரவு இடங்களின் வரிசையும் மட்டுமே உண்டு. அவற்றின் பொருளைக் கையேட்டில்தான் தேட வேண்டும். கையேடு 40101 என்று குறிக்கும் ரெஜிஸ்டரின் முகவரி, அனுப்பப்படும் செய்தியில் 100 ஆகிவிடும். 32 பிட் ஃப்ளோட் (தசம) எண் இரண்டு ரெஜிஸ்டர்களில் அமர்கிறது; அவற்றில் எது முன்னால் வரும் என்பதைத் தரநிலை வரையறுக்கவில்லை. 100.0 என்ற மதிப்பின் மேல் பாதி 17096, கீழ்ப் பாதி 0. இவை இடம் மாறினால் திரையில் கிட்டத்தட்ட பூஜ்யமே தெரியும். தொடர்போ எந்தப் பிழையும் காட்டாமல் சீராக நடந்துகொண்டிருக்கும். பராமரிப்பவரை மிகவும் அலைக்கழிப்பது இந்த மௌனம்தான்.

புரொஃபிநெட்டில் டிரைவின் ஜிஎஸ்டி கோப்பை (கருவியை விவரிக்கும், உற்பத்தியாளர் தரும் கோப்பு) பிஎல்சி நிரலாக்க மென்பொருளில் ஏற்றி, டெலிகிராமை (தரவின் நிலையான அமைப்பை) தேர்ந்தெடுத்தால், பிஎல்சியின் உள்ளீடு, வெளியீடு முகவரிகள் அங்கேயே ஒதுக்கப்படுகின்றன. டிரைவ்களுக்கான பொதுத் தரநிலையான புரொஃபிடிரைவின் டெலிகிராம் 1-இல் பிஎல்சி அனுப்புவது கட்டுப்பாட்டுச் சொல், வேகக் கட்டளை ஆகிய இரண்டு சொற்களே (சொல் என்பது 16 பிட் தரவு). வேகத்தில் 16384 என்றால் 100 சதவீதம். தரவோடு அது செல்லத்தக்கதா என்ற நிலைக்குறிப்பும் சேர்ந்தே வருகிறது. திட்டத்தில் உள்ள மாட்யூலும் கருவியில் இருப்பதும் பொருந்தாவிட்டால், தொடங்கும்போதே பிஎல்சி அதைக் கண்டறிந்து தெரிவித்துவிடும். சில ஆண்டுகள் கழித்து வேறொருவர் திட்டத்தைத் திறந்தாலும், தரவின் அமைப்பு அதிலேயே கிடைக்கும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

மின்சார மீட்டர் போன்ற, படிப்பதற்கு மட்டுமான கருவிகளுக்கு மாட்பஸே போதும். அதை ஆதரிக்காத கட்டுப்பாட்டுக் கருவிகள் அரிது. பல அச்சுகள் ஒத்திசைந்து இயங்கும் இயந்திரங்களில் எனக்கு அனுபவம் குறைவு என்பதால், என் சாய்வை அங்கே நீட்டிப் பார்க்க வேண்டாம். மாட்பஸைத்தான் எடுக்க வேண்டியிருந்தால், ரெஜிஸ்டர் முகவரி, சொல் வரிசை மாற்றம், அளவீட்டுப் பெருக்கல் மூன்றையும் நிரலின் ஒரே பிளாக்கில் வையுங்கள். டிரைவின் பெயர்ப்பலகை மின்னழுத்தம் போன்ற மாறாத மதிப்பு ஒன்றையும் அதே பிளாக்கில் படித்துச் சரிபாருங்கள்.