இரண்டுக்குமே ‘இல்லை’ என்றால் அது ஒற்றுமையா? எளிய பொருத்தமும் ஜக்கார்டும்

பாக்டீரியாவைப் புள்ளியியல் வழியில் வகைப்படுத்த உட்கார்ந்ததும் முதலில் முட்டுகிற கேள்வி இதுதான்: ஒரு சோதனையில் இரண்டு கிருமிகளுமே நெகட்டிவ் காட்டினால், அதையும் ஒற்றுமைக் கணக்கில் சேர்க்கலாமா? ஒற்றுமையை ஒரு எண்ணாகச் சொல்லும் இரண்டு கணக்குமுறைகளில் எளிய பொருத்தக் கெழு சேர்த்துக்கொள்கிறது. ஜக்கார்டு கெழு சேர்ப்பதில்லை.

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் கணக்கு போட்டுப் பாருங்கள். கிருமிகளை அடையாளம் காணப் பயன்படும் ஏபிஐ 20இ சோதனைப் பட்டையில் 20 குழிகள், குழிக்கு ஒரு வேதிச் சோதனை. 1 குழியில் இரண்டு கிருமிகளும் பாசிட்டிவ், 2-இல் முதலாவது மட்டும், 2-இல் மற்றது மட்டும், மீதி 15-இல் இரண்டுமே நெகட்டிவ் என்று வைத்துக்கொள்வோம். எளிய பொருத்தத்தில் 16/20, அதாவது 80%. ஜக்கார்டில் அந்த 15-ஐத் தள்ளிவிட்டால் 1/5, வெறும் 20%. ஒன்றில் நெருங்கிய சொந்தம், இன்னொன்றில் யாரோ எவரோ!

மெதுவாக வளரும் கிருமிகள் என்றால் நான் யோசிக்காமல் ஜக்கார்டு பக்கம் போய்விடுவேன். 24 மணி நேரத்தில் குழியின் நிறம் மாறவில்லை என்றால் அந்த நொதியே இல்லாமலும் இருக்கலாம், கிருமி இன்னும் சரியாக வளராமலும் இருக்கலாம், பட்டையைப் பார்த்து அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. நுண்ணுயிரியலாளர் பீட்டர் ஸ்னீத் 1957-இலேயே இரட்டை நெகட்டிவ்களைக் கணக்கில் எடுக்காமல்தான் பாக்டீரியாக்களை ஒப்பிட்டார்.

சரி, எளிய பொருத்தம் எங்கே தேவை? கிராம் சாயச் சோதனையில் வரும் ‘கிராம் நெகட்டிவ்’ என்பது பெயரில்தான் நெகட்டிவ். அந்தக் கிருமிகளுக்கு வெளிச்சவ்வு இருக்கிறது, அது உண்மையான ஒற்றுமை. பாசிட்டிவுக்கு 1, நெகட்டிவுக்கு 0 என்ற வழக்கப்படி அதற்கு 0 என்று குறியிட்டுவிட்டால் ஜக்கார்டு அதைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போட்டுவிடும், 0-வையும் 1-ஐயும் மாற்றி எழுதினால் விடையே மாறும். எளிய பொருத்தத்துக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

ஜீனோம் காலத்தில் இந்தச் சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஜீனோம்களை ஒப்பிட 2016-இல் வந்த மாஷ் மென்பொருள் ஜீனோமை வழக்கமாக 21 டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட துண்டுகளாகப் பார்த்து, ஜக்கார்டைத்தான் மதிப்பிடுகிறது. அதற்கு வேறு வழியும் இல்லை: அப்படிப்பட்ட துண்டுகள் மொத்தம் சுமார் 4.4 லட்சம் கோடி சாத்தியம், ஈ.கோலையின் ஜீனோமோ சுமார் 46 லட்சம் எழுத்துதான். இரண்டிலும் இல்லாத துண்டுகளையும் எண்ணினால் ஈ.கோலையும் மண்ணில் வாழும் பாசில்லஸும் 99.999%-க்கு மேல் ஒன்று என்றே விடை வரும்.