1911ஆ, கிளாக்கா? ஸ்டீல் பிஸ்டலும் பாலிமர் பிஸ்டலும்

1911 பிஸ்டலையும் கிளாக் 17-ஐயும் பிரிச்சு ஒரே மேஜையில பக்கத்துல பக்கத்துல போட்டா மொதல்ல கண்ணுல படுறது கைப்பிடியோட சேந்த அடிப்பாகமான ஃபிரேம்தான், ஒண்ணு ஸ்டீல், இன்னொண்ணு கருப்பு பிளாஸ்டிக், உடனே பழசா புதுசான்னு வாக்குவாதம் ஆரம்பிச்சிடும். நான் சொல்றது, குண்டு போற குழாயான பேரலை எடுத்துப் பாருங்க. சுட்டதும் பேரலும், அதுமேல முன்னும் பின்னும் ஓடுற ஸ்லைடும் ஒண்ணாப் பூட்டிக்கிட்டு கொஞ்ச தூரம் பின்னாடி வரும், அழுத்தம் இறங்கினதும் பேரலோட பின்பக்கம் கீழ சாஞ்சு பூட்டு விட்டுடும், அப்புறம் ஸ்லைடு மட்டும் தனியாப் போய் சுட்ட தோட்டாவோட காலி கேஸைத் தூக்கி வெளிய போடும். 1911-ஐ வடிவமைச்ச ஜான் பிரவுனிங்கோட இந்த ஐடியாதான் ரெண்டுலயும் ஓடுது. 1911-ல பேரலைக் கீழ இழுக்க லிங்க்னு ரெண்டு ஓட்டை போட்ட ஒரு குட்டித் துண்டு இருக்கும், கிளாக்ல அது கிடையாது, பேரலுக்கு அடியில சரிவா வெட்டின ஒரு மேடு அந்த வேலையப் பாத்துக்குது.

அப்போ எதுதான் மாறுச்சு? துல்லியம் எங்கேர்ந்து வருதுங்கறது மாறிடுச்சு.

1911-ஐ அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்னிக்கு ஏத்துக்கிச்சு, .45 ஏசிபி தோட்டா, மேகசின்ல 7, எடை ஏறக்குறைய 1.1 கிலோ. அதுக்கு முன்னாடி நடந்த சோதனையில 6,000 ரவுண்டு சுட்டாங்க, சூடு ஏறினப்போ தண்ணிக்குள்ள முக்கி எடுத்து திரும்பச் சுட்டாங்க, ஒரு தடவை கூட சிக்கலன்னு சொல்வாங்க. ஃபிரேம் முழு ஸ்டீல், அதைக் கடைஞ்சு செதுக்கித்தான் உருவம் கொண்டு வரணும். "1911-னா கையால ராவி ராவி பொருத்தினாத்தான் ஓடும்"னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது பாதிதான் சரி. ரெண்டாம் உலகப் போர்ல தையல் மிஷின் கம்பெனி சிங்கர் 500 பிஸ்டல் செஞ்சு குடுத்துச்சு, டைப்ரைட்டர் கம்பெனி ரெமிங்டன் ராண்ட் 8 லட்சத்துக்கு மேல செஞ்சுச்சு, ஒரு கம்பெனி பார்ட்டை இன்னொரு கம்பெனி பிஸ்டல்ல அப்படியே மாட்டலாம், ஏன்னா ராணுவத்துக்குப் போனதுல இடைவெளி கொஞ்சம் தாராளமாவே விட்டிருந்தாங்க. அந்த ராவுற வேலையெல்லாம் போட்டிக்குச் சுடுறவங்களுக்காக ஸ்லைடையும் பேரலையும் இறுக்கமா உக்கார வைக்கும்போது வந்தது.

கிளாக் கதை வேற மாதிரி. காஸ்டன் கிளாக் அதுக்கு முன்னாடி துப்பாக்கியே செஞ்சதில்ல, ராணுவத்துக்குக் கத்தியும் மண்வெட்டியும் செஞ்சுக்கிட்டு இருந்தவரு, பிளாஸ்டிக் வேலை கைவந்தது. ஆஸ்திரிய ராணுவம் புது பிஸ்டல் தேடினப்போ விஷயம் தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டு என்ன வேணும்னு கேட்டு ஒண்ணை உருவாக்கினாரு, 1982-ல அது பி80-னு ராணுவத்துக்குள்ள போயிடுச்சு. மொத்தமே முப்பத்திச் சொச்சம் பார்ட்தான், மேகசின்ல 17, மேகசின் இல்லாம 630 கிராம் பக்கம். நைலான் வகை பாலிமரை உருக்கி மோல்டுக்குள்ள தள்ளினா ஃபிரேம் வந்துடுது, ஆனா ஸ்லைடு ஓடுற இடத்துல பிளாஸ்டிக் தாங்காது, அதனால நாலு சின்ன ஸ்டீல் துண்டுங்க அந்த பாலிமரோட சேத்தே வார்க்கப்பட்டிருக்கும். ஸ்லைடைக் கழட்டிட்டு மேலேர்ந்து பாத்தா அந்த நாலு நாக்கும் பளபளன்னு தெரியும், மொத்த பிஸ்டலும் அதுமேலதான் சவாரி பண்ணுது. துல்லியம் மோல்டுலயும் மிஷின்லயும் இருக்கு, சேக்குறவர் கையில இல்ல. எக்ஸ்ரேயில தெரியாத பிளாஸ்டிக் துப்பாக்கின்னு ஒரு புரளி அப்ப பெருசா ஓடுச்சு, ஸ்லைடும் பேரலும் ஸ்டீலா இருக்கும்போது அது எப்படித் தெரியாம போகும்?

பாலிமர் ஃபிரேம்ல கிளாக் மொத ஆளும் கிடையாது. ஜெர்மன் கம்பெனி ஹெக்லர் அண்ட் காக் 1970-லயே விபி70-ஐ கொண்டு வந்துடுச்சு, ஆனா அதுல பேரல் பூட்டே இல்லாத ஏற்பாடு, டிரிக்கரும் இழுக்க முடியாத அளவுக்கு பாரம், எடுபடல. பிளாஸ்டிக் மட்டும் ஜெயிக்க வைக்கலங்கறதுக்கு அதுவே போதும்.

இப்போ பொழுதுபோக்கா ரேஞ்ச்ல சுடுறவங்க பக்கம் வருவோம். டிரிக்கர்ல எனக்கு சந்தேகமே இல்ல, 1911 தான். அது நேர் பின்னாடி நகரும், கண்ணாடிக் குச்சி ஒடியற மாதிரி சுருக்குனு விடும், கிளாக்ல கொஞ்ச தூரம் லூஸா வந்து, ஒரு சுவர்ல முட்டி, அதைத் தாண்டித்தான் விடும். பராமரிப்புல அப்படியே தலைகீழ். 1911-ஐ பிரிக்கும்போது ஸ்பிரிங்கோட மூடியைக் கட்டைவிரலால அமுக்கிப் பிடிக்கலைன்னா அது பறந்து ரூம்ல எந்த மூலைக்குப் போச்சுன்னே தெரியாது, திரும்ப மாட்டும்போது ஸ்லைடு ஸ்டாப்ங்கற பக்கவாட்டு லீவர் வழுக்கினா ஃபிரேம்ல அரை வட்டமா ஒரு கீறல் விழும், புது பிஸ்டல்ல அது விழுந்தா மனசு கேக்காது. கிளாக் ஒரு நிமிஷத்துல பிரிஞ்சுடும், ஆனா ஸ்லைடைக் கழட்ட டிரிக்கரை அழுத்தியாகணும், அங்கதான் விபத்து ஒளிஞ்சிருக்கு. மொதல்ல மேகசினை வெளிய எடுங்க, ஸ்லைடை இழுத்து தோட்டா உக்கார்ற சேம்பரைக் கண்ணால பாருங்க, விரல் விட்டும் தடவிப் பாருங்க, அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்.

மாத்திப் பாக்குற ஆசையில ரெண்டும் ரெண்டு விதம். 1911-ல நீங்க ஒரு கைத்தொழிலைக் கத்துக்கிறீங்க, காலி கேஸைப் பிடிச்சு இழுக்கற எக்ஸ்ட்ராக்டர்ங்கறது ஒரே நீள ஸ்பிரிங் ஸ்டீல் துண்டு, அதோட வளைவு ஒரு மயிரிழை மாறினாலும் கேஸ் சரியா வெளிய வராது. ஹேமரைப் பிடிச்சு நிறுத்துற பார்ட்டுங்கள்ல மட்டும் பழக்கமில்லாம அரம் வைக்காதீங்க, தானா வெடிக்கற நிலைமைக்குப் போயிடும், அதை துப்பாக்கி ரிப்பேர் பண்ற அனுபவமுள்ள கன்ஸ்மித் கிட்ட விட்டுடுங்க. பாலிமர்ல பார்ட்டைக் கழட்டி பார்ட்டை மாட்டுறதுதான் வேலை. அதோட உச்சம் 2014-ல வந்த சிக் சாவர் பி320, அமெரிக்க ராணுவம் 2017-ல அதை எம்17-ன்னு எடுத்துச்சு. அதுல சீரியல் நம்பர் உள்ள இருக்கற ஸ்டீல் கூட்டுலதான் இருக்கு, வெளிய இருக்கற பாலிமர் பிடி வெறும் சட்டை, கைக்குத் தகுந்த சைஸ்ல மாத்திக்கலாம். சின்னக் கை உள்ளவங்களுக்கு ஸ்டீல் காலத்துல இது கனவு.

இந்த ரெண்டுக்கும் நடுவுல பிரவுனிங் ஹைபவர்னு ஒரு ஸ்டீல் பிஸ்டல் இருக்கு, பிரவுனிங் 1926-ல இறந்தப்புறம் பெல்ஜியம் டிசைனர் டியூடோனே செவ் முடிச்சு 1935-ல வந்தது, 13 தோட்டா, கையில எடுத்தா கீழ வைக்க மனசு வராது.

புதுசா சுடக் கத்துக்கறவங்களுக்கு நான் 9 எம்எம் பாலிமர் பிஸ்டல்தான் சொல்வேன், உதை குறைவு, கவனம் முழுக்க குறிபாக்குறதுலயும் டிரிக்கர்லயும் போகும். சுட்டு முடிச்சு வீட்டுக்கு வந்தப்புறமும் அதையே நினைச்சுக்கிட்டு இருப்பீங்கன்னா 1911. ஸ்டீல் ஃபிரேம்ல ஸ்லைடு ஓடுற ரெயில் தேஞ்சா விவரம் தெரிஞ்ச கன்ஸ்மித் தட்டி, வெல்ட் வச்சு, திரும்ப ராவி ஓட வச்சிடுவாரு, முதல் உலகப் போர்ல செஞ்ச 1911-ங்க இன்னிக்கும் ரேஞ்ச்ல சுட்டுக்கிட்டு இருக்கு. பாலிமர் ஃபிரேம் விரிசல் விட்டா வெல்ட் வைக்க வழியில்ல, ஃபிரேமையே மாத்தணும்.