ஸ்போர்ட் பைக்குக்கு எந்த பூட்: முழு உயரமா, குட்டையா?

ஸ்போர்ட் பைக்கில் ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) பின்னால் தள்ளி, உயரத்தில் இருக்கும். முழங்கால் நன்றாக மடங்கி, முன்பாதம் மட்டும் பெக்கில் ஊன்றும். விழும்போது கால் வண்டிக்கும் தரைக்கும் நடுவே நசுங்கலாம். இல்லையென்றால் உடல் ஒரு பக்கம் உருள, பாதம் மட்டும் எதிலாவது மாட்டி முறுகும். தோல் எவ்வளவு தடிமன் என்று பார்ப்பதற்கு முன், இந்த முறுக்கலை எது தடுக்கிறது என்று பாருங்கள்.

குட்டை ரைடிங் பூட்டின் பலம் எல்லோருக்கும் தெரியும். பேன்ட்டுக்குள் மறையும், நடக்கலாம், நாள் முழுக்கப் போட்டிருக்கலாம். கணு எலும்பின் மேல் கெட்டியான வில்லை, விறைப்பான முனை, குதிகால் கிண்ணம் எல்லாம் நல்ல மாடல்களில் உண்டு. ஆனால் ஒரு மூட்டு திரும்பாமல் பிடிக்க, அதன் கீழும் மேலும் பிடிப்பு வேண்டும். குட்டை பூட் கணுவுக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. மேலே பற்றிக்கொள்ள இடமில்லை. அடியை அது தாங்கும், முறுக்கலைத் தாங்காது. கணைக்கால் எலும்புக்கு, அதாவது முழங்காலுக்கும் கணுவுக்கும் நடுவே உள்ள முன்புற எலும்புக்குப் பாதுகாப்பே கிடையாது.

முழு உயர ரேஸ் பூட் கெண்டைக்கால் வரை ஏறிப் பிடிக்கிறது. கணுவில் கீல் போன்ற அமைப்பு இருக்கும்: முன்னும் பின்னும் தாராளமாக மடங்கும், பக்கவாட்டில் ஒரு எல்லையில் நின்றுவிடும். வளைவில் உரசும் வெளிப்புற முனையில், திருகு கழற்றி மாற்றக்கூடிய டோ ஸ்லைடர் என்ற தேயும் துண்டு இருக்கும். டிராக்கில் ஓட்டுபவர் இதைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். சாலையில் வேகமாக ஓட்டுபவருக்கும் என் பரிந்துரை இதுவே. குறுகிய நகரப் பயணமும் நிறைய நடையும் என்றால் மட்டும் குட்டையை எடுங்கள், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து எடுங்கள்.

லேபிளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஐரோப்பியத் தரமான இஎன் 13634-இன் 2017 பதிப்பில் மோட்டார் சைக்கிள் படத்தின் கீழ் நான்கு எண்கள் இருக்கும், ஒவ்வொன்றும் 1 அல்லது 2; 2 மேலானது. வரிசைப்படி அவை உயரம், உராய்வைத் தாங்குவது, வெட்டைத் தாங்குவது, பக்கவாட்டு நசுக்கலைத் தாங்கும் விறைப்பு. குட்டை பூட்டுகளில் முதல் எண் பெரும்பாலும் 1. அதில் தவறில்லை, ஆனால் கடைசி எண்ணும் 1 என்றால் யோசிக்க வேண்டும். வண்டி காலின் மேல் விழும்போது பேசுவது அந்த எண்தான். கணுவுக்குக் கூடுதல் மோதல் பாதுகாப்பு இருந்தால் ஐபிஏ, கணைக்காலுக்கு இருந்தால் ஐபிஎஸ், நீர்த் தடுப்புக்கு டபிள்யூஆர் என்று சேர்த்திருப்பார்கள். கணுக்கால் முறுகுவதற்கான சோதனை இந்தத் தரத்தில் இல்லை. ஆகவே நான்கும் 2 வாங்கிய இரண்டு பூட்டுகள் கணுவைப் பிடிப்பதில் வெகுதூரம் வேறுபடலாம். கையால்தான் பார்க்க வேண்டும்: மேல்பாகத்தை ஒரு கையால் பிடித்து, மறு கையால் பாதப் பகுதியைப் பக்கவாட்டில் மடக்குங்கள். பிறகு துணி பிழிவதுபோல் பூட்டின் அடிப்பாகத்தை முறுக்குங்கள். எளிதில் திரும்பினால் வேண்டாம்.

ரேஸ் பூட்டுகளுக்குள்ளும் இரண்டு வழிகள். அல்பைன்ஸ்டார்ஸ் சூப்பர்டெக் ஆர் போன்றவற்றில் பிடிமானம் கழற்றக்கூடிய உள் பூட்டில் இருக்கிறது. வெளிப்புறம் மெலிதாக, வழவழப்பாக நிற்பதால் வண்டியில் எதுவும் மாட்டாது. போட்டுக் கழற்றுவது நிதானமான வேலை, வெயிலில் வியர்க்கும். சிடி வோர்டிசே போன்றவற்றில் பிடிமானம் வெளியே. போடுவது சுலபம், பாகங்களைத் தனித்தனியாக மாற்றலாம். ஆனால் பருமன் கூடும். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசிக் கிறீச்சிடும், சிலிகான் ஸ்ப்ரே அதை அடக்கும். பெக்கின் மேல் கால் அடிக்கடி இடம் மாறும் டிராக் ஓட்டத்துக்கு உள் வகை. அன்றாடம் போட்டுக் கழற்றுபவருக்கு வெளி வகை.

வாங்கும் முன் உங்கள் லெதர் சூட்டையும் பாருங்கள். டைனீஸ் ஆக்ஸியல் வரிசையில் சில, சூட்டின் காலுக்குள் நுழையும் வகை. சூட்டின் கெண்டைக்கால் ஜிப் பூட்டின் மேல் மூடவில்லை என்றால் அந்த பூட் உங்களுக்கு இல்லை.

டூரிங் பூட் மழைக்கு நல்லது, முறுக்கலில் சுமார். மோட்டோகிராஸ் பூட் பாதுகாப்பில் குறைந்ததல்ல, ஆனால் ஸ்போர்ட் பைக்குக்குப் பொருந்தாது: முனை தடித்து கியர் லீவருக்கு அடியில் நுழையாது, பின் பிரேக்கின் அழுத்தம் பாதத்துக்குத் தெரியாது.

அளவை நின்று பார்த்தால் போதாது. ஓட்டும்போது போடும் சாக்ஸோடு, வண்டியில் குனிந்து உட்கார்ந்து பாருங்கள். விரல் நுனி முட்டக்கூடாது, குதிகால் உள்ளே எழும்பக்கூடாது. எல்லாக் கட்டும் போட்டபின் ஒருவர் குதிகாலைப் பிடித்துப் பலமாக இழுக்கட்டும். கழன்று வந்தால் சாலையிலும் கழலும். கயிறு உள்ள மாடலில் முடிச்சை மூடும் மடிப்பு கட்டாயம், தொங்கும் கயிறு பெக்கிலோ லீவரிலோ மாட்டும்.

புது பூட்டின் முனை பழைய ஷூவைவிடத் தடிமனாக இருந்தால் கியர் ஏற்றும்போது தடுக்கும், பாதி கியரில் நிற்கும். குறை பூட்டில் இல்லை, லீவரின் உயரத்தில். கியர் லீவரை கியர்பாக்ஸோடு சேர்க்கும் இணைப்புக் கம்பி உள்ள வண்டியில், அதன் இரு முனையிலும் உள்ள லாக் நட்டை (கம்பி திரும்பாமல் பிடிக்கும் நட்டு) தளர்த்துங்கள்; பெரும்பாலும் ஒன்று இடதுமரை, எதிர்த் திசையில் கழலும். கம்பியை அரைச் சுற்றாகத் திருப்பி, உட்கார்ந்து பார்த்து, மறுபடி திருப்புங்கள். இரு முனையிலும் மரை போதிய ஆழம் உள்ளே இருப்பதை உறுதி செய்துவிட்டு நட்டை இறுக்குங்கள்.