எட்டு வார இணையவழி நோயாளர் மதிப்பீட்டுப் பாடநெறி: யாழ்ப்பாண வைத்தியசாலை விடுதிகளுக்கு எவ்வளவு உதவும்?

தாதியருக்கான இந்தப் பாடநெறி வெளிநாட்டில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பிறகு தமிழுக்கு வந்தது. மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் எட்டுப் பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காணொளி, ஒரு வினாத்தாள். பன்முகத்தன்மையை மதிக்கும் பாடநெறி என்று முகப்பில் எழுதியிருக்கிறார்கள். சில பாடங்களில் அது உண்மைதான். மற்றவற்றில் ஜோன் என்ற நோயாளியைக் குமார் ஆக்கியதோடு வேலை முடிந்துவிட்டது. அந்தக் குமார் காலையில் சாப்பிடுவது ஓட்ஸ். நீரிழிவுப் பாடத்தில் புட்டு, இடியப்பம், ஒடியற்கூழ் எதனுடைய மாப்பொருள் அளவும் இல்லை. "இரவுக்கு எத்தனை இடியப்பம் சாப்பிடலாம், மிஸ்?" என்று விடுதியில் கேட்டால், இதைப் படித்த தாதியிடம் பதில் இருக்காது.

பெரிய குறை இரண்டாம் பாடமான அழுத்தப்புண்ணில், அதாவது அசையாமல் கிடப்பவருக்கு அழுத்தத்தால் வரும் படுக்கைப் புண்ணில், இருக்கிறது. படங்கள் எல்லாம் வெள்ளைத் தோல். முதல்நிலைப் புண் என்றால் அழுத்தினாலும் வெளிறாத சிவப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த நிலைக்குப் போய்விடுகிறது. கருந்தோலில் அந்தச் சிவப்பு பெரும்பாலும் தெரியாது. ஊதாவாகத் தெரியலாம், அயல் தோலைவிடச் சற்றுக் கறுத்திருக்கலாம், நிறமே மாறாமலும் இருக்கலாம். சிவப்பை மட்டும் தேடிப் பழகிய கண்ணுக்குப் புண் தெரியவரும்போது தோல் உடைந்திருக்கும். செய்ய வேண்டியது இதுதான்: முதுகின் அடியெலும்பு, குதிக்கால், இடுப்பின் பக்க எலும்பு ஆகிய இடங்களைப் புறங்கையால் தொட்டு, சூடு அயல் தோலைவிடக் கூடவா குறைவா என்று ஒப்பிட வேண்டும். விரலால் அழுத்தி இறுகியிருக்கிறதா, சதசதப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "இதில நோகுதா?" என்று கேட்க வேண்டும். குழல்விளக்கை நம்பாமல் யன்னலைத் திறந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூடப் பாடத்தில் இல்லை. அழுத்தப்புண் வரும் ஆபத்தைப் புள்ளியிட்டுக் கணிக்கும் பிறேடன் அளவுகோலை மட்டும் தெளிவாக விளக்கியிருக்கிறார்கள்: 6 கூறுகள், 6 முதல் 23 வரை புள்ளிகள், 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்து. புள்ளி போட்டபின் தோலை எப்படிப் பார்ப்பது என்பதுதான் விடுபட்டுப்போயிற்று.

அதே குழு எழுதிய மூன்றாம் பாடம் எதிர்மாறு. விரலில் மாட்டும் பல்ஸ் ஒக்சிமீற்றர் கருந்தோலில் இரத்தத்தின் ஒட்சிசன் அளவை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்பதை நேராகச் சொல்கிறது. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் காட்டியபோது நாடி இரத்தத்தில் உண்மை அளவு 88க்குக் கீழே இருந்தது வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரின் அளவீடுகளில் 11.7 சதவீதம். அந்த ஆய்வு எங்கள் மக்களைப் பற்றியதல்ல. ஆனாலும் 93 என்ற எண்ணைக் கண்டு நிம்மதியடையக் கூடாது என்ற எச்சரிக்கை இங்கும் பொருந்தும். மூச்சை முழுதாக 60 விநாடி எண்ணுவது, நாக்கிலும் உள்ளுதட்டிலும் சாம்பல் நிறம் தேடுவது, குளிர்ந்த விரலைச் சூடாக்கி நகப்பூச்சை அகற்றியபின் கருவியை மாட்டுவது எல்லாம் ஒழுங்காக வருகின்றன. இந்த ஒரு பாடத்துக்காகவே சேரலாம்.

ஆறாம் பாடமும் நன்று. கால் இழந்தவரில் அழுத்தம் விழும் இடம் மாறுகிறது, செயற்கைக் காலைக் கழற்றித் துண்டிப்பு முனையின் தோலைப் பார்க்க வேண்டும், உடற்பருமன் சுட்டியை (BMI) அப்படியே கணிக்கக் கூடாது என்று மூன்றையும் சொல்கிறது. கண்ணிவெடி கண்ட மண்ணில் இது ஓரத்துப் பாடமல்ல.

நான்காம் பாடம், நோயாளி எவ்வளவு நினைவோடு இருக்கிறார் என்று புள்ளியிட்டு அளக்கும் கிளாஸ்கோ நினைவு அளவுகோல். 1974இல் வந்த இந்த அளவுகோலில் பேச்சுக்கு 5 புள்ளிகள் வரை. சிங்களம் மட்டும் தெரிந்த நோயாளியிடம் தமிழில் "இது என்ன மாதம்?" என்று கேட்டு, பதில் வராததால் புள்ளியைக் குறைத்தால், மூளையில் இல்லாத பாதிப்பு அட்டையில் ஏறிவிடும். தெற்கில் வேலைசெய்யும் தமிழ்த் தாதிக்கும் இதே இடர் உண்டு. மொழி தெரிந்த ஒருவரைக் கூப்பிட வேண்டும். கிடைக்காவிட்டால் "சோதிக்க முடியவில்லை" என்று காரணத்தோடு எழுத வேண்டும். பாடம் இதைத் தொடவே இல்லை.

மொழிபெயர்ப்பு சென்னைத் தமிழ். வாந்தி, தலைவலி, சர்க்கரை நோய் என்று போகிறது. இங்கே வருபவர் சத்தி, தலையிடி, சீனி வருத்தம் என்பார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்துக் கலைச்சொற்களும் ஆக்கினார்; அந்த ஊரின் பேச்சுக்கு ஒரு சொற்பட்டியலாவது இணைத்திருக்கலாம்.

காணொளிகள் 40 நிமிடம் நீள்கின்றன. விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒன்று ஏறக்குறைய 300 எம்பி. அதையே 64 கிலோபிட் ஒலிக்கோப்பாகத் தந்தால் 19 எம்பி போதும். ஒலிக்கோப்பு இல்லை. வினாத்தாள் கெடு ஞாயிறு இரவு 11.59 என்று கிறீனிச் நேரத்தில் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அது திங்கள் காலை 5.29, இரவுக் கடமையில் இருப்பவருக்கு மருந்து கொடுக்கும் நேரம். லைன் விழுந்தாலும் கடிகாரம் நிற்பதில்லை. மூடிலில் ஆளுக்கும் குழுவுக்கும் தனிக் கெடு கொடுக்க வசதி இருக்கிறது. சேர்ந்தவுடன் கடமை அட்டவணையை அனுப்பி அதைக் கேளுங்கள்.

உடனே திருத்த வேண்டியது ஐந்தாம் பாடம். காணொளியின் அடியில் ஓடும் தானியங்கி எழுத்துவரியில் 'வலி' பல இடங்களில் 'வளி' ஆகியிருக்கிறது. அதைப் பொறுக்கலாம். ஆனால் மைக்ரோகிராமும் மில்லிகிராமும் இரண்டுமே 'மி.கி.' என்று வருகின்றன. இரண்டுக்கும் வித்தியாசம் 1000 மடங்கு. மைக்ரோகிராம் என்று முழுச்சொல்லாக எழுதித் திருத்தும்வரை, அந்தப் பாடத்தில் எழுத்துவரியை நிறுத்திவிட்டு, மருந்தளவை விடுதியின் மருந்து நூலில் சரிபார்த்தே குறிப்பெடுங்கள்.