கல்தூண் மண்டபத்துக்கு எந்த விளக்குக் கம்பம்? சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

அலங்கார விளக்குக் கம்பம் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் முதலில் காட்டுவது சுருள் சுருளாகக் கை வைத்த, வெள்ளைக்காரன் காலத்துத் தெருவிளக்கு மாதிரியைத்தான். ஓசூர் பக்கம் லேஅவுட் வாசல்களில் அது பொருந்தலாம். கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலையில் இருக்கும் எங்கள் கல்யாண மண்டபத்துக்கு ஒத்துவராது. முகப்பில் கொத்திய கருங்கல் தூண்கள், மேலே தாழ்வாக இறங்கும் ஓட்டுக் கூரை. அதன் முன்னால் சுருள் கம்பம் பேண்டு வாத்தியக்காரர் உடுப்பு மாதிரிதான் தெரியும். அதனால் நெளிவு இல்லாத உருண்டை ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), உச்சியில் தொப்பி போட்ட வார்ப்பு அலுமினிய விளக்கு, பளபளப்பில்லாத சாம்பல் நிறம் என்று முடிவு செய்து 2020-ல் நட்டோம்.

டிசைனை விட உயரம்தான் முக்கியம் என்பேன். கூரை விளிம்பு பத்தடி, கம்பம் எட்டடி. பன்னிரண்டு, பதினைந்து அடி வைத்தால் வெளிச்சம் ஓட்டின் மேல் விழும், தாழ்வாரம் இருண்டு கிடக்கும். பகலிலும் கூரையை மீறிக் கம்பம்தான் கண்ணில் படும். ஆனால் குட்டைக் கம்பத்துக்குச் செலவு அதிகம். உயரத்தைப் போல மூன்று, நான்கு மடங்குதான் இடைவெளி விட முடியும். எட்டடிக்கு இருபத்தைந்து அடிக்கு ஒன்று என்றால் கம்பம், காங்கிரீட் அடித்தளம், கேபிள் எல்லாமே கூடும்.

வெளிச்சம் 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள். படிகளில் நம்மூர்க் குவாரிக் கல்லான பாரடைசோ போட்டிருக்கிறோம். அதன் ஊதாவும் இளஞ்சிவப்பும் இந்த வெளிச்சத்தில்தான் எடுத்துக் காட்டுகிறது. 6500 வெள்ளையில் சிமென்ட் மாதிரி வெளுத்துப் போகும். பூச்சியும் மஞ்சளுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வருகிறது. மழை விட்ட அன்று ஈசல் கிளம்பினால் மட்டும் எந்த நிறமும் உதவாது. பந்திக்கு அருகில் இருப்பவற்றை அணைத்துவிடுகிறோம்.

இப்போது குறைகள். போர் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கம்பத்தின் அடியில் உப்புக்கறை படிகிறது. கறுப்பாக இருந்தால் இன்னும் அசிங்கமாகத் தெரிந்திருக்கும். அடித்தட்டு போல்டுகளில் துரு எட்டிப் பார்த்தது. சுற்றிலும் சிமென்ட் மேடு கட்டித் தண்ணீர் தேங்காமல் செய்த பிறகு பரவாயில்லை. விளக்கின் பால் நிற மூடிகள் வெயிலில் பழுப்பேறின. புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாலிகார்பனேட்டா என்று கேட்டு வாங்குங்கள். கோடை இடி மழையில் சில விளக்குகளின் டிரைவர்கள், அதாவது எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டிகள், புகைந்தன. வாரண்டியில் மின்னல் சேராது என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். மின் போர்டில், மின்னழுத்தம் திடீரென எகிறினால் தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் போட்டதிலிருந்து பிரச்சினை இல்லை. டிரைவரை உச்சியில் வைக்காமல் கம்பத்தின் கீழ்ப்பெட்டியில் வைக்கச் சொன்னது நல்லதாயிற்று, ஏணி இல்லாமலே மாற்றலாம். பெட்டிக் கதவில் ரப்பர் வார் சரியாக இல்லையென்றால் பல்லி குடியேறிவிடும். குழந்தைகள் கட்டிப்பிடித்துச் சுற்றும் இடம், ஒவ்வொரு கம்பத்துக்கும் எர்த் கட்டாயம்.

எந்த கேட்டலாக்கிலும் சொல்லாத ஒன்று: நம் ஊரில் கம்பம் என்றால் வாழைமரம் கட்டத்தான் செய்வார்கள். கம்பி உரசிப் பவுடர் கோட்டிங் போனது. இப்போது இடுப்பளவில் ஒரு வளையம் மாட்டிவிட்டோம், டெக்கரேஷன் ஆட்கள் அதிலேயே கட்டுகிறார்கள்.

அடுத்து பின்பக்க பார்க்கிங். அங்கே அலங்காரத்துக்கு வேலையே இல்லை. இருபதடி சாதாரணக் கம்பம், கீழ்நோக்கி மட்டும் அடிக்கும் விளக்கு, அவ்வளவுதான்.