காஸ்பிளேக்கு விக்கா, சொந்த முடியில் பின்னலா?

அமெரிக்காவில் காஸ்பிளே, அதாவது கார்ட்டூன், சினிமா பாத்திரங்களைப் போல வேஷம் போடும் கறுப்பினப் பெண்கள் பலருக்கு உடையைவிட முடிதான் பெரிய யோசனை. ஜப்பானியக் கார்ட்டூன் நாயகி செய்லர் மூனின் மஞ்சள் கொண்டைகளுக்கு விக் வாங்குவதா, சொந்தச் சுருட்டை முடியோடு மஞ்சள் செயற்கை முடி சேர்த்துப் பின்னுவதா?

செலவு: விக் ஒரு தடவை வாங்கினால் பல தடவை ஆகும். பின்னலுக்கு முடி மலிவு, கூலிதான் கையைக் கடிக்கும்.

நேரம்: விக் சட்டென்று மாட்டலாம். ஆனால் அடர்ந்த முடியை முதலில் மண்டையோடு ஒட்டப் பின்னி அமுக்க வேண்டும். இல்லையென்றால் மேடு தட்டும். முடியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துப் பின்னும் பாக்ஸ் பின்னலுக்கு 4 முதல் 8 மணி நேரம் உட்காரணும்.

உழைப்பு: பின்னல் 6 வாரமாவது தாங்கும். விக் பிடரிப் பக்கம் சிக்காகும். சாதா செயற்கை முடி விக்கில், முடியை நேராக்கும் சூடான கருவி பட்டால் உருகிவிடும்.

அரிப்பு: செயற்கை முடியை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசிவிட்டுப் பின்னினால் பலருக்கு அரிப்பு குறைகிறது. பின்னிய நுனியைக் கொதிநீரில் முக்குவார்கள், பிரியாமல் இருக்க.

திங்கட்கிழமை: விக்கைக் கழற்றலாம், பின்னல் ஆபீசுக்கும் வரும். முடியை வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க கலிஃபோர்னியாவில் 2019-இல் வந்த கிரவுன் சட்டம் பின்னலுக்குப் பாதுகாப்பு தருகிறது. மஞ்சள் நிறத்துக்கு அல்ல!

ஒரே நாளில் மூன்று வேஷம் என்றால் விக். கண்ணாடியில் செய்லர் மூனோடு தன்னையும் பார்க்க ஆசை என்றால் பின்னல். என் ஓட்டு அதற்குத்தான். அப்புறம், முன்நெற்றி முடி ஏற்கெனவே கொட்டுகிறதா? இறுக்கப் பின்னலும் வேண்டாம், மெல்லிய வலை விளிம்பை நெற்றியில் பசை போட்டு ஒட்டும் லேஸ் விக்கும் வேண்டாம். சாதா விக் போதும்.