டிஜிட்டல் கேரக்டர் ஷீட்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆன்லைனில் டேபிள்டாப் ரோல்பிளேயிங் (ஒவ்வொருவரும் ஒரு கேரக்டராகக் கதைக்குள் நுழைந்து பகடை உருட்டி ஆடும் விளையாட்டு) ஆடப் புதிதாக ஒரு குழு சேர்ந்தால், எந்த விதிநூல், எந்தக் கதை என்பதெல்லாம் சீக்கிரம் முடிவாகிவிடும். "ஷீட் எதில் வைத்துக்கொள்வது?" என்ற கேள்வி மட்டும் இழுத்துக்கொண்டே போகும். ஷீட் என்பது ஒரு கேரக்டரின் எண்களும் திறமைகளும் பொருட்களும் எழுதியிருக்கும் தாள். டி அண்ட் டி பியாண்ட், பாத்பில்டர் போன்ற கேரக்டர் செயலிகள், ரோல்20, ஃபவுண்ட்ரி போன்ற ஆன்லைன் ஆட்ட மேசைகள், கூகுள் ஷீட்ஸ், பிடிஎஃப் என்று மாற்றி மாற்றிப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன், ஆட்டக்காரராகவும், ஆட்டத்தை நடத்தும் ஜிஎம்மாகவும். வசதிப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். இப்போது முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: ஷீட்டில் தெரியும் எண் எப்படி வந்தது என்று அந்த ஷீட்டே காட்டுமா, வேண்டுமென்றால் அதை நான் கையால் மாற்றலாமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) விளையாட்டில் ஒரு ஃபைட்டரை, அதாவது போர்வீரரை, எடுத்துக்கொள்வோம். அவரைத் தாக்க எதிரியின் பகடை எட்ட வேண்டிய எண்ணான ஆர்மர் கிளாஸ் 18. செயின் ஷர்ட் கவசத்துக்கு 13, டெக்ஸ்டெரிட்டி என்ற சுறுசுறுப்புக்கு 2, கேடயத்துக்கு 2, டிஃபென்ஸ் ஸ்டைல் என்ற சண்டைப் பாணிக்கு 1. சண்டை நடுவில் அவர் கேடயத்தைக் கழற்றிவிட்டுப் பெரிய கோடரியை இரண்டு கையாலும் பிடிக்கிறார். இனி 16. கூட்டல் தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார். 18 என்பதை மட்டும் பெரிதாகக் காட்டி மற்றதையெல்லாம் மூன்று மெனுவுக்குள் ஒளித்து வைக்கும் ஷீட் என்றால், அவர் கேடயத்தைத் தேடிக்கொண்டிருப்பார், நாங்கள் காத்திருப்போம். ஒரே மேசையில் ஆடும்போது பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து "அங்கே இருக்கு பார்" என்று காட்டிவிடுவார். ஆன்லைனில் அவரவர் திரை அவரவருக்கு மட்டும்தான். அதனால்தான் நேரில் ஆடும்போது பெரிதாகத் தெரியாத இந்த விஷயம் இங்கே இவ்வளவு உறுத்துகிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபவுண்ட்ரியில் இருக்கும் பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பு ஷீட். தன்னார்வலர்கள் சேர்ந்து பராமரிப்பது. அந்த விளையாட்டுக்கு நல்ல ஷீட் இல்லாமல் முடியாது என்றே சொல்வேன். பயிற்சி பெற்ற திறமை எல்லாவற்றோடும் கேரக்டரின் வளர்ச்சிப் படியான லெவல் எண் கூடும், அதனால் ஒரு லெவல் ஏறினால் ஷீட்டில் பாதி எண்கள் மாறும். ஸ்டேட்டஸ், சர்க்கம்ஸ்டன்ஸ், ஐட்டம் என்று போனஸில் வகைகள் உண்டு. ஒரே வகையில் இரண்டு வந்தால் பெரியது மட்டும் சேரும். அதே சுற்றில் இரண்டாவது முறை தாக்கினால் 5 குறையும், மூன்றாவதற்கு 10 குறையும். இந்தக் கணக்கை யாரும் ஆர்வத்தோடு கையால் போடப் போவதில்லை. இந்த ஷீட்டில் ஓர் எண்ணின் மேல் மௌஸை வைத்தாலே அதன் கூட்டல் வரி வரியாகத் தெரியும். "பார்ட் (பாடகர்) பாட்டுக்கு 1 சேர்ந்திருக்கிறதா?" என்று யாரையும் கேட்க வேண்டாம், பார்த்தாலே போதும்.

கேரக்டரை உருவாக்குவதற்கு மட்டும் நான் பாத்பில்டருக்குத்தான் போகிறேன். ஒவ்வொரு லெவலிலும் எந்த ஃபீட் (தனித்திறன்) எடுக்கலாம் என்று வரிசையாகக் காட்டும், தகுதி இல்லாததைத் தனியாகப் பிரித்துவிடும். இருபதாம் லெவல் வரை முன்கூட்டியே போட்டுப் பார்த்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். அப்புறம் அதை ஏற்றுமதி செய்து, அதற்கென்று இருக்கும் மாட்யூல் (துணை நிரல்) மூலம் ஃபவுண்ட்ரிக்குள் கொண்டுவந்துவிடலாம்.

ஃபவுண்ட்ரியின் விலை முறை குழுவுக்குச் சாதகமானது. ஜிஎம் ஒருவர் ஒருமுறை பணம் கட்டி வாங்கினால் போதும், மற்றவர்கள் பிரவுசரில் இலவசமாக உள்ளே வரலாம். ஆனால் தொடக்கத்தில் யாரும் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. ஜிஎம் தன் கணினியிலேயே அதை ஓட்டினால், அந்தக் கணினி அணைந்திருக்கும்போது உங்கள் ஷீட்டும் கிடையாது. வாரத்தின் நடுவில் லெவல் ஏற்ற உட்கார்ந்தால் "கொஞ்சம் சர்வரை ஆன் பண்ணுங்களேன்" என்று ஜிஎம்முக்குச் செய்தி அனுப்ப வேண்டும். வாடகை சர்வரில் வைத்தால் இது தீரும், அதற்குத் தனிச் செலவு. கைபேசியில் மட்டும் ஆடுகிறவர் குழுவில் இருந்தால் இன்னொரு முறை யோசியுங்கள். அந்தச் சின்னத் திரைக்காகச் செய்யப்பட்டது அல்ல இது.

கைபேசிக்காரர்களுக்கு டி அண்ட் டி பியாண்ட்தான் வசதி. முதல்முறை ஆட வருபவரைக் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாகக் கூட்டிச் செல்வதில் இதற்கு ஈடு நான் பார்த்ததில்லை. இலவசக் கணக்கில் ஆறு கேரக்டர் வரை வைத்துக்கொள்ளலாம், சாதாரண ஆட்டக்காரருக்கு அது தாராளம். புத்தகங்களை வாங்கியவர் மாஸ்டர் சந்தாவும் வைத்திருந்தால் குழு முழுவதும் அவற்றைப் பயன்படுத்தலாம். ரோல்20இல் வரைபடத்தை வைத்துக்கொண்டு, ஷீட்டை மட்டும் இங்கே வைத்திருப்பவர்களுக்கு பியாண்ட்20 என்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. இங்கே சொடுக்கினால் பகடை அங்கே உருளும். டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் எழுத்து வழியாக ஆடும் குழுக்களுக்கு அவ்ரே பாட் (தானியங்கி நிரல்). பியாண்டில் இருக்கும் ஷீட்டையும் எடுத்துக்கொள்ளும், அதற்கென்று அமைத்த கூகுள் ஷீட்டையும் எடுத்துக்கொள்ளும்.

இங்கே என் தயக்கம் வேறு. 2017இல் தொடங்கிய அந்தத் தளத்தை 2022இல் டி அண்ட் டியின் உரிமையாளரான ஹாஸ்ப்ரோ 14.63 கோடி டாலருக்கு வாங்கியது. 2024இல், புத்தகம் முழுவதையும் வாங்காமல் ஒரு சப்கிளாஸ் (கேரக்டர் வகையின் உட்பிரிவு), ஒரு ஃபீட் என்று தனித்தனியாக வாங்கும் வழி எடுக்கப்பட்டது. அதே வருடம் ஆகஸ்டில், புதிய விதிநூல் வருவதையொட்டி, ஷீட்டுகளில் உள்ள பழைய ஸ்பெல்களும் (மந்திரங்களும்) மந்திரப் பொருட்களும் புதிய பதிப்புக்கு மாற்றப்படும் என்று அறிவிப்பு வந்தது. ஆட்டக்காரர்கள் கொதித்து எழுந்தார்கள், சில நாட்களில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. நல்லபடியாக முடிந்த கதைதான். ஆனாலும் பாதி நடந்துகொண்டிருக்கும் கேம்பெயினில் (தொடர்கதையில்) என் விஸார்டின், அதாவது மந்திரவாதியின், ஸ்பெல் எப்படி வேலை செய்யும் என்பதை நானும் ஜிஎம்மும் அல்லாத ஒருவர் தீர்மானிக்க முடியும் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்துபோனது. அன்றிலிருந்து, லெவல் ஏறும் ஒவ்வொரு முறையும் ஷீட்டை பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துக்கொள்கிறேன். நாங்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த வேறொரு சேவை செஷன் நடுவில் படுத்துக்கொண்டபோது, இப்படி நகல் வைத்திருந்தவர்களால்தான் அன்றைய ஆட்டம் நின்றுபோகாமல் நடந்தது.

ரோல்20இன் ஷீட்டுகளைப் பற்றி ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது. ஏராளமான விளையாட்டுகளுக்கு அங்கே ஷீட் உண்டு, பலவும் பயனர்களே எழுதிக் கொடுத்தவை. அதனால் ஒன்று பிரமாதமாக இருக்கும், இன்னொன்று அரைகுறையாக நிற்கும். முதல் செஷனுக்கு முன்பே ஒரு பொய்ச் சண்டை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கூகுள் ஷீட்ஸ் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம், அதை மறைக்கவில்லை. நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் அது தயங்காமல் "ஆமாம்" சொல்லும். கட்டத்தைத் தொட்டால் சூத்திரம் தெரியும், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு எண்ணை எழுதலாம். நிலா வெளிச்சத்தில் மட்டும் போனஸ் தரும் வாள் ஒன்றை ஜிஎம் கொடுத்துவிட்டாரா? ஒரு செக்பாக்ஸ் போட்டால் வேலை முடிந்தது. இதே வாளைப் பெரிய தளங்களின் ஹோம்ப்ரூ (சொந்தமாக உருவாக்கியவற்றுக்கான) படிவத்தில் ஏற்றுவதற்குள் அடுத்த அமாவாசை வந்துவிடும். யாராவது சூத்திரத்தின் மேல் தெரியாமல் எண்ணைத் தட்டிவிட்டாலும் பழைய பதிப்பு வரலாற்றில் கிடைக்கும். கால் ஆஃப் குத்துலு போன்ற விளையாட்டுக்கு இதுவே போதும்: ஏழாம் பதிப்பில் ஒவ்வொரு திறமைக்கும் முழு மதிப்பு, பாதி, ஐந்தில் ஒரு பங்கு என்று மூன்று எண் வேண்டும், இரண்டு சூத்திரத்தில் முடிகிற காரியம். பிளேட்ஸ் இன் தி டார்க் மாதிரி கட்டங்களை நிரப்பும் விளையாட்டுகளுக்குக் கணக்கே கிடையாது. குழுவில் எல்லோருடைய ஷீட்டும் ஒரே கோப்பில் தாவல் தாவலாக இருப்பதால், அடுத்தவர் நிலைமையைக் கேட்காமலேயே பார்த்துக்கொள்ளலாம். ஸ்பெல் விவரங்களை நீங்களே ஒட்ட வேண்டும் என்பது மட்டும்தான் குறை. உயர் லெவல் விஸார்டுக்கு அது பெரிய குறையும்கூட.

நிரப்பக்கூடிய பிடிஎஃப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தானாகக் கூட்டும் கட்டங்கள் ஒரு மென்பொருளில் வேலை செய்யும், இன்னொன்றில் பேசாமல் கிடக்கும். அதனால் கூட்டலை நம்பாமல், வெறும் தாளாகப் பயன்படுத்துவதுதான் சரி.

ஆனால் புதியவர்களுக்கு முதலில் நான் கொடுப்பது அந்த பிடிஎஃப்தான். முதல் லெவலில் எண்கள் குறைவு. 16 ஸ்ட்ரெங்த் (வலிமை) என்றால் ஏன் +3, புரொஃபிஷியன்ஸி (தேர்ச்சி போனஸ்) 2 எங்கெல்லாம் சேர்கிறது என்று ஒருமுறை தானே எழுதிப் பார்த்தவர், பிறகு எந்தச் செயலி தப்பான எண் காட்டினாலும் கண்டுபிடித்துவிடுகிறார். முதல் நாளே எல்லாம் தானாக நடக்கும் ஷீட்டில் ஆரம்பித்தவர்களில் சிலர், எட்டாம் லெவலிலும் "நான் எதைச் சொடுக்கணும்?" என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். டி அண்ட் டியின் 2024 விதிகளில் எல்லா கிளாஸுக்கும் சப்கிளாஸ் மூன்றாம் லெவலில்தான் வருகிறது. தேர்வுகள் பெருகத் தொடங்கும் அந்த இடத்தில் அவர்களைச் செயலிக்கு மாற்றிவிடுகிறேன்; மாற்றும்போது பழைய தாளையும் பக்கத்தில் திறந்து வைத்து, இரண்டிலும் ஆர்மர் கிளாஸ் ஒன்றாக வருகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வேன்.